ஸ்பானிஷ்ல "யா"ன்னா என்ன? ஏற்கனவேயா, இப்பவா, இல்ல சரியா?

ஸ்பானிஷ் கத்துக்க ஆரம்பிச்ச எல்லாரும் முதல் மாசத்துலயே மோதுற ஒரு குட்டி வார்த்தை இருக்கு, "யா". பாடப்புத்தகத்த தொறந்தா "யா என்றால் ஏற்கனவே"ன்னு ஒரே வரியில முடிச்சிருப்பாங்க, ஆப்ல பாத்தாலும் அதேதான். சரின்னு மனப்பாடம் பண்ணிட்டு மெக்சிகோ சீரியலோ ஸ்பெயின் சீரியலோ ஒண்ணு போட்டு பாத்தா அஞ்சு நிமிஷம்கூட அந்த அர்த்தம் தாங்காது. அம்மா சமையக்கட்டுலேந்து கூப்பிடுறாங்க, பையன் ரூம்லேந்து "யா வொய்"ங்கறான், அவன் இன்னும் கட்டில விட்டு எந்திரிக்கவே இல்ல, இதுல ஏற்கனவே எங்க வந்துச்சு? ஓட்டப்பந்தயம் ஆரம்பிக்கும்போது "ப்ரெபராதோஸ், லிஸ்தோஸ், யா!"ன்னு கத்துறாங்க. போன்ல பேசுற பொண்ணு எதிர்ல இருக்கறவங்க சொல்றதுக்கெல்லாம் "யா... யா..."ன்னு தலையாட்டிட்டு இருக்கா. அழுற கொழந்தைய தூக்கிவெச்சுகிட்டு பாட்டி "யா, யா, யா பசோ"ன்னு, சரியாப்போச்சு சரியாப்போச்சுங்கற மாதிரி, முதுக தட்டுறாங்க. இத்தனைக்கும் ஒரே வார்த்தை.

இத பாத்துட்டு நெறைய பேரு என்ன பண்றாங்கன்னா ஒரு நோட்டுல பதினஞ்சு அர்த்தத்த வரிசையா எழுதிவெச்சு மனப்பாடம் பண்றாங்க. அது வேண்டவே வேண்டாம்ங்கறது என்னோட கருத்து. ஏன்னா இந்த வார்த்தைக்கு உள்ள ஒரே ஒரு எண்ணம்தான் இருக்கு, அது புடிபட்டுடுச்சுன்னா மிச்சமெல்லாம் அதுலேந்து தானா வருது, அதுவும் தமிழ் பேசுறவங்களுக்கு இது இங்கிலீஷ் பேசுறவங்களவிட ரொம்ப ஈஸி, அது ஏன்னு கீழ சொல்றேன்.

அந்த ஒரு எண்ணம் இதுதான். ஒரு வாசப்படி இருக்குன்னு வெச்சுக்கோங்க. இந்தப்பக்கம் ஒரு நெலம, அந்தப்பக்கம் வேற நெலம. சாப்பிடாம இருந்தது, சாப்பிட்டது. தூங்கிட்டு இருந்தது, முழிச்சது. கடை தொறக்காம இருந்தது, தொறந்தது. "யா" சொல்றது நேரத்த இல்ல, படி தாண்டியாச்சுங்கறத. பேசுறவங்க மனசுல அல்லது கேக்கறவங்க மனசுல "இது நடக்கும், எப்ப நடக்கும்"னு ஒரு எதிர்பார்ப்பு இருக்கும், அந்த எதிர்பார்ப்பு இப்ப மாறிடுச்சுன்னு சொல்றதுக்குத்தான் அந்த "யா".

இப்ப தமிழுக்கு வாங்க. "சாப்டியா?"ன்னு கேக்கறதுக்கும் "சாப்டாச்சா?"ன்னு கேக்கறதுக்கும் என்ன வித்தியாசம்? முதல் கேள்வி நடந்துச்சா இல்லயான்னு மட்டும் கேக்குது. ரெண்டாவது, நீ சாப்பிடவேண்டிய நேரம் இது, அந்த வேல முடிஞ்சுதான்னு கேக்குது. ஸ்பானிஷ்ல "கொமிஸ்தே?"ன்னா சாப்டியா, "யா கொமிஸ்தே?"ன்னா சாப்டாச்சா. நாம வினைச்சொல்லோட வாலுல "ஆச்சு"ன்னும் "ட்டேன்"னும் ஒட்டவெச்சு செய்யுற வேலைய அவங்க முன்னாடி ஒரு தனி வார்த்தைய வெச்சு செய்யுறாங்க, அவ்ளோதான். "யா யெகே" = வந்து சேந்துட்டேன். "யா தெர்மினே" = முடிச்சுட்டேன். "யா சே ஃபூவே" = அவரு போயிட்டாரு. இங்க எங்கயாவது "ஏற்கனவே"ன்னு தமிழ்ல சொல்லிப் பாருங்க, வாக்கியம் கனமாயிடும், வீட்டுல யாரும் அப்படி பேச மாட்டோம். ஏற்கனவேங்கறது தப்பு அர்த்தம்னு சொல்லல, பத்துல ரெண்டு எடத்துக்குதான் அது பொருந்தும், மிச்ச எடத்துல "ஆச்சு"தான் சரியான அர்த்தம்.

மணி சொல்றப்பகூட இதே கததான். "சோன் லாஸ் த்ரேஸ்"னா மணி மூணு. "யா சோன் லாஸ் த்ரேஸ்"னா மணி மூணாயிடுச்சு, அதாவது கெளம்பணும், இல்ல லேட்டாயிடுச்சு, இல்ல ஒருவழியா மூணாச்சுன்னு நிம்மதி, எதுன்னு தொனிதான் சொல்லும். ஸ்பெயின்ல எல் கோர்த்தே இங்லேஸ்னு ஒரு பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர் இருக்கு, அவங்க வருஷாவருஷம் போடுற "யா எஸ் ப்ரிமவேரா என் எல் கோர்த்தே இங்லேஸ்"ங்கற விளம்பர வாசகம் அந்த ஊர்ல எல்லாருக்கும் தெரியும், எல் கோர்த்தே இங்லேஸ்ல வசந்தம் வந்தாச்சுன்னு அர்த்தம். வெளிய இன்னும் கோட்டு போட்டுட்டுதான் நடக்கறாங்க, ஆனா கடைக்குள்ள கோடைத் துணி தொங்க ஆரம்பிச்சாச்சு. அந்த "யா"வ எடுத்துட்டு வெறும் "எஸ் ப்ரிமவேரா"ன்னு போட்டா இது வசந்த காலம்ங்கற ஒரு தகவல்தான் மிஞ்சும், சுவாரசியமே போயிடும்.

அடுத்து இதோட ஜோடி வார்த்தைய பாக்கணும், ஏன்னா "யா"வ தனியா படிச்சா பாதிதான் புரியும். அது "தொதவீயா". இது "இன்னும்". "அஊன்"னும் ஒண்ணு இருக்கு, அதே அர்த்தம்தான், இப்போதைக்கு விட்டுடுங்க. "தொதவீயா"ன்னா படி தாண்டல, பழைய நெலமையே தொடருது. இந்த ரெண்டு வார்த்தையையும் "நோ"வையும் கலந்தா நாலு நெலம கெடைக்குது. "தொதவீயா நோ" = இன்னும் இல்ல. "யா" = ஆச்சு. "தொதவீயா" = இன்னும் அப்படித்தான் இருக்கு. "யா நோ" = இப்ப இல்ல, முன்னாடி இருந்துச்சு, நின்னுபோச்சு.

ஒரு ஆள் ஒரு வீட்டுல குடியிருக்கறத வெச்சே நாலையும் சொல்லிடலாம். இன்னும் அங்க குடிபோகலன்னா "தொதவீயா நோ விவே அயீ". குடிவந்துட்டாருன்னா "யா விவே அயீ". இன்னும் அங்கதான் இருக்காருன்னா "தொதவீயா விவே அயீ". காலி பண்ணிட்டு போயிட்டாருன்னா "யா நோ விவே அயீ". இதுல கவனிக்க வேண்டியது, கேள்வியும் பதிலும் குறுக்கால மாறும். "யா"ன்னு கேட்டா இல்லங்கற பதில் "தொதவீயா நோ". "தொதவீயா"ன்னு கேட்டா இல்லங்கற பதில் "யா நோ". அதாவது "யா யெகோ எல் அவ்தோபூஸ்?", பஸ் வந்துடுச்சா? "தொதவீயா நோ", இன்னும் இல்ல. "தொதவீயா த்ரபாகாஸ் அயீ?", இன்னும் அங்கயேதான் வேல பாக்கறியா? "யா நோ", இப்ப இல்ல, விட்டுட்டேன். புதுசா படிக்கறவங்க பொதுவா எங்க சறுக்குவாங்கன்னா, இன்னும் வரலன்னு சொல்லணும்னு நெனச்சுட்டு "நோ"வையும் "யா"வையும் சேத்துப் போட்டு "யா நோ வியேனே"ன்னு சொல்லிடுவாங்க, கேக்கறவங்க அவரு வர்றதையே ரத்து பண்ணிட்டாருன்னு புரிஞ்சுகிட்டு சாப்பாட்ட எடுத்து வெச்சுடுவாங்க. சின்ன வித்தியாசம் இல்ல இது, அதனால இந்த நாலையும் மட்டும் வாய்விட்டு சொல்லி பழகிடுங்க.

கடைத்தெருவுல இதோட உபயோகம் தனி அழகு. மெக்சிகோல தமாலேங்கற ஆவியில வேகவெச்ச சோளமாவு பலகாரம் விக்கற வண்டிக்கிட்ட காலையில லேட்டா போனீங்கன்னா "யா நோ ஆய்"னு சொல்லுவாங்க. "நோ ஆய்"ன்னா இல்ல. "யா நோ ஆய்"ன்னா தீந்துபோச்சு, இருந்துச்சு, நீங்க லேட்டு. "தொதவீயா ஆய்?"னு கேட்டா இன்னும் இருக்கான்னு கேக்கறது. கண்ணாடி கதவுல "யா அ லா வெந்தா"ன்னு ஒட்டிருந்தா விற்பனைக்கு வந்தாச்சு. படம், ஆல்பம், ஆப் எதுவா இருந்தாலும் "யா திஸ்போனீப்லே"ன்னு போஸ்டர்ல இருக்கும், அதுவும் அதேதான். கடைக்குள்ள போய் நின்னா வேல பாக்கறவங்க "யா லோ அதியேந்தென்?"ன்னு கேப்பாங்க, உங்கள யாராச்சும் கவனிச்சுட்டாங்களா சார்னு அர்த்தம். ஊசி போட்டு பஞ்ச வெச்சு அழுத்திட்டு நர்ஸ் சொல்றது "யா எஸ்தா", ஆச்சு, அவ்ளோதான். முடிவெட்டுறவரு துணிய உதறிட்டு சொல்றதும் அதுதான். ஒரு கதைய சொல்லி முடிக்கறப்ப "ஈ யா"ன்னு நிறுத்துவாங்க, குறிப்பா மெக்சிகோக்காரங்க, நம்ம "அவ்ளோதான் விஷயம்" மாதிரி.

இப்ப கொஞ்சம் கஷ்டமான எடம். இதுவரைக்கும் தாண்டியாச்சு தாண்டியாச்சுன்னு சொன்னேனே, அப்ப அந்தப் பையன் கட்டில்ல படுத்துட்டே "யா வொய்"ன்னு எப்படி சொல்றான்? "வொய்"ன்னா போறேன், நிகழ்காலம், படியே தாண்டல. இங்கதான் தமிழ் நமக்கு கை குடுக்குது. அம்மா கூப்டா நாம என்ன சொல்றோம், "இதோ வந்துட்டேன்"! வரவே இல்ல, ஆனா வந்துட்டேன்னு இறந்தகாலத்துல சொல்றோம். ஏன்னா முடிவு பண்ணியாச்சு, நீ கவலப்படாத, இத நடந்ததாவே எடுத்துக்கோன்னு ஒரு உறுதி. "யா வொய்" அச்சா அதேதான், காலுதான் இன்னும் நகரல, மனசு படி தாண்டிடுச்சு. இன்னொரு சின்ன விஷயம், நாம "வரேன்"ங்கற எடத்துல ஸ்பானிஷ்ல "போறேன்"னுதான் சொல்லணும், கூப்பிடுறவங்ககிட்ட போறதுக்கு "வேங்கோ"ன்னு சொல்ல மாட்டாங்க, அதனால "யா வேங்கோ"ன்னு கத்திடாதீங்க, அத கேட்டா "வெளிய போயிட்டு இப்ப வந்துடுறேன்"னு அர்த்தமாயிடும், கூப்பிட்டவங்க கொழம்பிடுவாங்க.

இந்த உறுதி அர்த்தத்துக்கு நான் எப்பவும் சொல்ற உதாரணம் சிலி நாட்டுலேந்து வருது. 1988 அக்டோபர் 5ஆம் தேதி அங்க ஒரு பொதுவாக்கெடுப்பு நடந்துச்சு, நாட்ட ஆண்டுட்டு இருந்த ராணுவ சர்வாதிகாரி ஜெனரல் பினோசே இன்னும் எட்டு வருஷம் ஆட்சியில இருக்கலாமா வேண்டாமான்னு. வேண்டாம்னு சொன்ன தரப்போட பிரச்சார வாசகம் "சீலே, லா அலெக்ரீயா யா வியேனே". சிலியே, சந்தோஷம் இதோ வந்துட்டு இருக்கு. 1973லேந்து ராணுவ ஆட்சி, ஆளுங்க காணாம போனாங்க, சித்திரவதை, நாடுகடத்தல், பதினஞ்சு வருஷம் அப்படி போயிருக்கு, அந்த நெலமையில "சந்தோஷம் வரும்"னு எதிர்காலத்துல சொன்னா யாரு நம்புவா, அது வெறும் ஆறுதல். "வருது"ன்னு சொன்னாலும் ஒரு செய்தி மாதிரிதான் இருக்கும். "யா வியேனே"ன்னதும் அது கெளம்பிடுச்சு, தெருமுனைய திரும்பிடுச்சு, இனி யாராலயும் நிறுத்த முடியாதுங்கற நம்பிக்க அதுல ஏறிடுது. வேண்டாம்ங்கற பக்கம் சுமார் 56 சதவீதம் ஓட்டு விழுந்துச்சு. நெஜமாவே ஆட்சி மாறினது 1990 மார்ச் 11ஆம் தேதி, பத்ரீசியோ அய்ல்வின் ஜனாதிபதியா பதவி ஏத்துக்கிட்டப்ப. ஆக "யா"ன்னு சொன்னதுக்கும் அது நடந்ததுக்கும் நடுவுல ஒன்றரை வருஷம் இருந்துச்சு, ஆனா அந்த வாக்கியம் இலக்கணப்படியும் சரி, உண்மைப்படியும் சரி, பொய்யில்ல.

எதிர்காலத்தோட சேந்தா "யா" வேற மாதிரி நடந்துக்கும். "யா வெரேமோஸ்"னா பாக்கலாம். "யா தெ யாமரே"ன்னா நான் அப்புறம் கூப்பிடுறேன், கூப்பிடுவேன், விடு. இங்க உறுதியும் இருக்கு, தள்ளிப்போடுறதும் இருக்கு, ரெண்டும் ஒரே மூச்சுல. வேலைக்கு இன்டர்வியூ முடிச்சுட்டு "யா லே யாமரேமோஸ்"னு சொல்லி அனுப்பினா, நாங்களே கூப்பிடுறோம்னு அர்த்தம், ஸ்பானிஷ் பேசுற ஊர்ல பெரும்பாலானவங்க அத கேட்டதும் வேற எடம் தேட ஆரம்பிச்சுடுவாங்க. ஆனா நிகழ்காலத்துல "யா தெ யாமோ"ன்னா கத வேற, இப்பவே, இன்னும் ரெண்டு நிமிஷத்துல கூப்பிடுறேன்னு அர்த்தம். கடைசியில வர்ற ஒரு "ரே" சத்தம்தான் வித்தியாசம், காத தீட்டி கேளுங்க.

கட்டளையோட வந்தா அது "இப்பவே". "வேதே யா"ன்னா போ இப்பவே, "கயாதே யா"ன்னா வாய மூடு போதும். இதுல பொறுமை தீந்துபோன தொனி இருக்கும், அதாவது எவ்ளோ நேரம்தான் இந்தப்பக்கமே நிக்கறது, படிய தாண்டு அப்படிங்கற மாதிரி. அரசியல் கோஷங்கள்ல இந்த வார்த்தை இவ்ளோ வர்றதுக்கும் காரணம் இந்த தொனிதான்னு நான் நெனைக்கறேன்.

1994 ஜனவரி 1ஆம் தேதி மெக்சிகோவோட தெக்கு மூலையில சியாபாஸ் மாநிலத்துல சபதிஸ்தா படைங்கற இயக்கம் ஆயுதத்தோட கெளம்பி சான் கிறிஸ்தோபல் தே லாஸ் காசாஸ் உட்பட சில ஊர்கள புடிச்சாங்க, பெரும்பாலும் மாயா இனத்து பழங்குடி விவசாயிங்க. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூணும் சேந்து போட்ட நாஃப்டா வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த அதே நாள் அது. அவங்களோட அடையாளமாவே ஆயிப்போன ரெண்டு வார்த்தை "யா பாஸ்தா". பாஸ்தான்னா போதும். வெறும் போதும் இல்ல, போதும்டா சாமி, இதுக்கு மேல ஒரு நாள்கூட இல்லங்கறதுக்கு அந்த "யா". அதே வார்த்தைங்க தலகீழா "பாஸ்தா யா"ன்னு ஸ்பெயின்ல, முழுக்க வேற காரணத்துக்கு ஒலிச்சுது. 1997 ஜூலையில ஸ்பெயினோட வடக்குல இருக்கற பாஸ்க் பகுதியில எர்முவாங்கற ஊரோட இளம் கவுன்சிலர் மிகேல் ஆங்கெல் பிளாங்கோவ பாஸ்க் தனிநாடு கேட்ட "எட்டா" (ETA)ங்கற ஆயுத அமைப்பு கடத்திட்டு போய் சுட்டுட்டாங்க, அவருக்கு வயசு 29. நாடு பூராவும் லட்சக்கணக்குல ஜனங்க தெருவுல எறங்கினாங்க. அப்புறம் 1999ல பாஸ்தா யாங்கற பேருலயே வன்முறைக்கு எதிரா ஒரு குடிமக்கள் அமைப்பு உருவாச்சு, 2000ல ஐரோப்பிய நாடாளுமன்றம் மனித உரிமைக்காக குடுக்கற சாகரோவ் விருது அதுக்கு கெடச்சுது. 2011 மே 15ஆம் தேதி ஸ்பெயின் நகரங்கள்ல இன்னொரு பெரிய ஊர்வலம், வேலையில்லா திண்டாட்டமும் பொருளாதார நெருக்கடியும் கழுத்த நெரிச்ச நேரம், கூப்பிட்ட அமைப்போட பேரு "தெமொக்ராசியா ரெயால் யா", உண்மையான ஜனநாயகம், இப்பவே. அதுக்கப்புறம்தான் தலைநகர் மத்ரித்ல புவெர்த்தா தெல் சோல் சதுக்கத்துல கூடாரம் போட்டு ஒக்காந்தாங்க. "யா" முன்னாடி வந்தாலும் பின்னாடி வந்தாலும் அடிப்படை அர்த்தம் ஒண்ணுதான், பின்னாடி வந்தா கொஞ்சம் அழுத்தம் கூட, வாக்கியத்தோட கடைசி அடி அது மேல விழுறதால.

சரி, போன்ல "யா... யா..."ன்னு தலையாட்டின பொண்ணுக்கு வருவோம். ஸ்பெயின்ல இது "ம்ம்", "புரியுது", "ஆமால்ல". நீங்க சொன்னது என் காதுல ஏறிடுச்சு, மேல சொல்லுங்கன்னு அர்த்தம், மறுபடியும் அதே படிதான், தெரியாததுலேந்து தெரிஞ்சதுக்கு வந்தாச்சு. இத சம்மதம்னு எடுத்துக்காதீங்க, இது முக்கியம். மத்ரித்ல உங்க நண்பர்கிட்ட ஒரு திட்டத்த சொல்லி அவரு "யா"ன்னா கேட்டுக்கிட்டாருன்னுதான் அர்த்தம், ஒத்துக்கிட்டாருன்னு இல்ல. அதையே இழுத்து "யாஆஆ..."ன்னாலோ "யா, க்ளாரோ"ன்னு வெட்டி சொன்னாலோ நம்பலன்னு அர்த்தம். ஆனா சிலியிலயும் பெருவுலயும் கத தலகீழ், அங்க "யா"ன்னா சரி, ஓகே, ஒத்துக்கறேன். "நாளைக்கு ஆறு மணிக்கு பாப்போமா?" "யா." முடிஞ்சுது, நீங்க ஆறு மணிக்கு போய் நிக்கலாம். சிலிக்காரங்க அதோட "போ"ன்னு ஒரு வால ஒட்டி "யா போ"ம்பாங்க, பெருவுல "யா பே"ன்னு வரும், ரெண்டுமே "புவேஸ்"ங்கற வார்த்தை தேய்ஞ்சு வந்தது. "யா போ"ங்கறது தொனிய பொறுத்து "சரிப்பா"ன்னும் ஆகும், "அட சீக்கிரம் வாப்பா"ன்னும் ஆகும்.

எனக்கு ரொம்ப புடிச்ச உபயோகம் இன்னொண்ணு இருக்கு, அத பாடப்புத்தகத்துல பெரும்பாலும் "அழுத்தம் தரும் சொல்"னு ஒரு வரியில தாண்டிடுவாங்க. "லோ சே"ன்னா எனக்கு தெரியும். "யா லோ சே"ன்னா எனக்குத்தான் தெரியுமே. அந்த "ஏ" இருக்கு பாருங்க, தமிழ்ல நாம கடைசியில போடுற ஏகாரம், அதுதான் இங்க "யா". "யா தெ லோ தீகே"ன்னா அப்பவே சொன்னேனே. "யா லோ சபீயா"ன்னா எனக்கு அப்பவே தெரியும். "யா எரா ஓரா"ன்னா இப்பவாவது நடந்துச்சே. "யா கிசியேரா யோ"ன்னா எனக்கும் ஆசதான், நடக்கணுமே. ஸ்பெயின்ல "யா போதீயாஸ் அபேர் அவிசாதோ"ன்னு ஒருத்தர் மூஞ்ச தூக்கிவெச்சுகிட்டு சொன்னா, ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லங்கற மனக்குறை. இங்கிலீஷ் வழியா படிக்கறவங்க இதெல்லாம் ஒவ்வொண்ணா மனப்பாடம் பண்ணணும், அவங்க மொழியில இதுக்கு நேரா ஒரு உருப்படி இல்ல. நமக்கு "ஏ"யும் "ல"வும் "ஆச்சு"வும் வாயில பொறந்ததுலேந்து இருக்கு, அதனால தயவுசெஞ்சு "யா"வ இங்கிலீஷ் வழியா சுத்தி படிக்காதீங்க, நேரா தமிழ்லேந்து போங்க.

"யா கே"ன்னு சேந்து வந்தா அது வேற, "தான... அதனால"ங்கற மாதிரி. "யா கே எஸ்தாஸ் அகீ"ன்னா வந்தது வந்துட்டல்ல, இந்த மூட்டைய ஒரு கை புடிங்கற மாதிரி அடுத்து ஏதாவது வரும். "யா சேயா"ன்னு வந்தா "அதுவோ இதுவோ", இது எழுத்து நடையிலதான் அதிகம், ஆரம்பத்துல கவலப்பட வேண்டியதில்ல.

வார்த்தை எங்கேந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுக்க ஆச இருக்கறவங்களுக்கு, லத்தீன்ல "யாம்"னு ஒண்ணு இருந்துச்சு, அதோட புள்ளைங்கதான் ஸ்பானிஷ் "யா", போர்ச்சுகீசு "ஜா", இத்தாலியன் "ஜா". பிரெஞ்சுல "தேஜா" இருக்குல்ல, "தேஜா வூ"ல வர்ற தேஜா, அதுல ரெண்டாவது பாதியும் அதே லத்தீன் வார்த்தைதான். இன்னும் வேடிக்க என்னன்னா ஸ்பானிஷ்ல ஒருபோதும் இல்லங்கறதுக்கு "ஹமாஸ்"ம்பாங்க, அதுவும் லத்தீன் "யாம் மாகிஸ்"லேந்து வந்தது, "யா"வோட சொந்தக்காரங்கதான்.

ஊருக்கு ஊரு மாறுறத பத்தி சொல்லாம முடிக்க முடியாது, ஏன்னா சுமார் 20 நாட்டுல ஆட்சிமொழியா இருக்கற பாஷை இது. "யா மிஸ்மோ"ன்னா எழுத்துப்படி "இப்பவே, இந்த நிமிஷமே". ஸ்பெயின்ல அப்படித்தான் எடுத்துப்பாங்க. ஈக்வடார்லயோ புவெர்த்தோ ரீக்கோலயோ யாராவது "யா மிஸ்மோ வொய்"ன்னா, வரேன் கொஞ்ச நேரம் ஆகும், பத்து நிமிஷமா ஒரு மணி நேரமா தெரியாது, நீங்க ஒக்காருங்கன்னு அர்த்தம். மெக்சிகோல "யா மேரோ"ன்னா கிட்டத்தட்ட ஆச்சு, "யா மெரீதோ"ன்னா இன்னும் துளிதான், சாப்பாடு ஆச்சான்னு கேட்டா அடுப்படியிலேந்து வர்ற பதில் இது. அர்ஜென்டினாவுல "தெஸ்தே யா"ன்னு இருக்கு, முன்கூட்டியே அல்லது கண்டிப்பாங்கற அர்த்தத்துல, மெயில் எழுதி முடிக்கறப்ப "தெஸ்தே யா, முச்சாஸ் க்ராசியாஸ்"னு போடுவாங்க, நீங்க பண்ணப்போற உதவிக்கு இப்பவே நன்றின்னு. பார்ட்டியில "யா மெ வொய்"ன்னா நான் கெளம்புறேன், இது எல்லா ஊர்லயும் ஒண்ணுதான், சொன்னதுக்கு அப்புறம் வாசல்ல நின்னு அரமணி நேரம் பேசுறதும் எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்.

கூட வர்ற இறந்தகாலமும் மாறும். மெக்சிகோ, கொலம்பியா, அர்ஜென்டினா பக்கம் "யா கொமீ"ன்னு ஒரே வினைச்சொல்லுல முடிச்சுடுவாங்க. மத்ரித்ல "யா எ கொமீதோ"ன்னு ரெண்டா வரும். ரெண்டுக்கும் அர்த்தம் சாப்டாச்சு. உங்க டீச்சர் எந்த ஊரோ, நீங்க பாக்கற சீரியல் எந்த ஊரோ, அத ஒண்ண புடிச்சுகிட்டு போங்க, ஆரம்பத்துல ரெண்டையும் கலக்காதீங்க. பேச ஆரம்பிக்கறதுக்கு "யா வொய்", "யா எஸ்தா", "யா நோ", "தொதவீயா நோ" இந்த நாலு போதும், ஒரு நாள் பொழுதுல முக்காவாசி எடத்துல இதுங்கள வெச்சே சமாளிச்சுடலாம், மிச்சத்த கேட்டு கேட்டு புடிச்சுக்கலாம்.

கேக்கறப்ப ஒரு எச்சரிக்க. எழுத்துல எல்லா ஊர்லயும் ஒரே மாதிரி இருந்தாலும் சத்தம் மாறும். பல ஊர்ல நம்ம "யா" மாதிரியேதான், சில பேரு அழுத்தி சொல்றப்ப "ஜா"ன்னு லேசா ஒலிக்கும். அர்ஜென்டினா தலைநகர் புவெனஸ் அய்ரெஸ்லயும் ஆத்துக்கு அந்தப்பக்கம் உருகுவேல மொந்தெவிதெயோலயும் அது "ஷா". அங்க "ஷா எஸ்தா", "ஷா வொய்"ன்னு காதுல விழுந்தா புது வார்த்தைன்னு அகராதிய தேடாதீங்க, நாம இவ்ளோ நேரம் பாத்த அதே வார்த்தைதான், "யெகே"ங்கறதும் அங்க "ஷெகே"ன்னு ஆயிடும், அதனால வந்து சேந்துட்டேன்னு சொல்லணும்னா "ஷா ஷெகே".